அணைக்கலாம்

நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை ஐயா, என் வேலை அப்படிப்பட்டது. வாங்கிய பொருளோடு வரும் கையேட்டை நீங்கள் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள்? எங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் கையேட்டை நானே பிரித்ததில்லை. அலமாரி ஆடாமல் இருக்க அதை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

நான் எழுதுவது ஒரு நெட்வொர்க் டிரைவரின் கையேடு. உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் ஏற்பாடு செய்ய முடியும். அவற்றை மெய்நிகர் கணினிகள் என்பார்கள். அவற்றுக்கு உடம்பு கிடையாது, வயர் கிடையாது. ஆனாலும் தனக்கு ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கிறது, அதில் வயர் செருகியிருக்கிறது என்று அந்தக் கணினி நம்ப வேண்டும். அப்படி நம்பவைக்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். எங்கள் கம்பெனி அதைச் செய்கிறது. அதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதுவது நான்.

அந்த டிரைவரில் ஒரு கோளாறு உண்டு. மெய்நிகர் கணினியை, ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெரிய கணினியிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்ற முடியும். அந்த நேரத்தில் டிரைவரின் 'வேகப்பாதை' என்ற வசதி போட்டபடி இருந்தால், போன இடத்தில் அதற்குக் காது கேட்காமல் போய்விடும். வெளியே எல்லாம் பச்சையாகவே காட்டும். இணைப்பு இருக்கிறது என்று அடித்துச் சொல்லும். உள்ளே ஒரு தகவலும் வராது. இதைச் சரிசெய்ய நேரமில்லை என்று இன்ஜினியர்கள், "கையேட்டுல ஒரு வரி போட்டுடுங்க" என்றார்கள். போட்டேன். 'இடம் மாற்றுவதற்கு முன் வேகப்பாதையை அணைக்க வேண்டும்.'

படிக்கிற ஆள் ஒருவன் இருந்தான். என் மனைவியின் தம்பி. மருத்துவமனையில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறவன், அங்கே எங்கள் டிரைவர்தான் ஓடுகிறது. வீட்டில் அவனுக்கு 'வரிக்குவரி' என்று பெயர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டான். என் கையேட்டை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தான். 'வேண்டும்' என்றால் கட்டாயம், 'லாம்' என்றால் உங்கள் விருப்பம் என்று முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறதே, அது அவன் கேட்டு நான் சேர்த்தது. வார்டு மெஷின்களில் கட்டாயமில்லாத எதையும் தொடமாட்டேன் என்பது அவன் வைத்திருந்த ஒழுங்கு. வேகப்பாதையை அணைத்தால் வார்டில் நோயாளிகளின் நாடித்துடிப்பைக் காட்டும் பலகை சற்றுத் திணறும், நர்ஸுகள் போன் போட்டுத் திட்டுவார்கள். இதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி வீட்டார் எல்லாரும் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கையேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"மாமா, ஒரு சந்தேகம். 'வேகப்பாதையை அணைக்க வேண்டும்'னு போட்டிருக்கீங்களே, ஆஃப் பண்ணணுமா, கட்டிப் பிடிக்கணுமா?"

மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து படுக்கப் போகும்போதெல்லாம் அவள், "லைட்டைக் கட்டிப் பிடிச்சுட்டு வாங்க" என்பாள். மச்சான் அதோடு விடவில்லை. 'ஆலோசனை' என்று தலைப்புப் போட்டு அதை எங்கள் கம்பெனிக்கும் எழுதியனுப்பினான். நல்ல மனதோடுதான் செய்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மேலாளர் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு நடைவழியில் என்னைப் பார்த்தால் இன்ஜினியர்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவார்கள். இத்தனை வருடம் நான் எழுதியதில் அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். எனக்கு அவமானமாக இருந்தது. கோபம் பிறகு வந்தது, வந்த பிறகு போகவில்லை.

அடுத்த பதிப்பு எழுதும்போது 'அணை'யை நான் தொடவில்லை. நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காகச் சரியான சொல்லை எடுத்துவிட முடியாது. அதன் வாலை மட்டும் மாற்றினேன். 'இடம் மாற்றுவதற்கு முன் வேகப்பாதையை அணைக்கலாம்.' இலக்கணப்படி யாரும் குற்றம் சொல்ல முடியாத வாக்கியம். ஒப்புதலுக்கு இன்ஜினியருக்கு அனுப்பினேன். அவர் திறக்காமலே சரி என்று திருப்பி அனுப்பினார். மற்ற இடங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை பாருங்கள். அவர்கள் கையேட்டைத் தொடுவதில்லை, கைப்பழக்கத்தில் அணைத்துவிடுவார்கள். படிக்கிறவன் மட்டும்தான் மாட்டுவான் என்று எனக்குத் தெரியும்.

அவன் ஒருமுறை தப்பு செய்ய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். மருத்துவமனையில் ஏதோ கொஞ்ச நேரம் நின்றுபோகும். மேலதிகாரி அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நான் ஒரு ஜோக் சொல்வேன். அந்த ஜோக்கைக்கூட யோசித்து வைத்திருந்தேன். இப்போது அது நினைவில்லை.

கணினி அறையின் ஏ.சி. பழுதானதால், நீங்கள் விசாரித்த அந்த நாள் மத்தியானம் மச்சான் மெஷின்களை, வேகப்பாதையை அணைக்காமலே, ஒவ்வொன்றாக இடம் மாற்றினான். இதய வார்டின் பலகை அவற்றில் ஒன்றில் ஓடுகிறது. ஒவ்வொரு கட்டிலின் நாடித்துடிப்பும் அதன் வழியாக நர்ஸ் மேசைக்கு வரும். மற்றவர்கள் தூங்க வேண்டும் என்று கட்டிலருகே சத்தம் வராதபடி வைத்திருக்கிறார்கள், மணி மேசையில்தான் அடிக்கும். அன்று பலகை கடைசியாக வந்த எண்களையே காட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் பச்சை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. அவருடைய நாடி எழுபத்திரண்டு. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்களாம். போட்டுக்கொண்டு போகப் புதுத் துணி எடுத்துவர மகள் போயிருந்தாள். திரும்பி வந்தவள் அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பலகையில் அப்போதும் எழுபத்திரண்டுதான்.

அந்தப் பெண் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. 'அவ்வேளையில்' என்ற சொல் இரண்டு இடத்தில் தேவையில்லாமல் வந்திருப்பதைக் கவனித்தேன்.

மச்சானை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டு முன்னறையில்தான் கிடக்கிறான். எதையும் படிப்பதில்லை. மாத்திரையைக்கூட, அதன் பெயரை அக்கா வாசித்துச் சொன்னால்தான் வாயில் போடுகிறான். போன வாரம் சுவரைப் பார்த்தபடி, "நான் சரியாத்தானேக்கா படிச்சேன்?" என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

"சரியாத்தான் படிச்சிருப்பே" என்றேன்.

அவனுக்காகத்தான் இன்று காலை உங்களிடம் வந்தேன். சொந்த மச்சான். அவன்மேல் வழக்கு வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 'பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் வேறுபாடு இருப்பது தெரிந்தும் யாரையும் கேட்டுத் தெளியவில்லை' என்று அவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கேட்டான். இடம் மாற்றுவதற்குச் சற்று முன்னால் எனக்குப் போன் செய்தான். அதை அவன் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. மாமாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையோ என்னவோ.

"மாமா, வார்டு மெஷினை மாத்தப் போறேன். பழைய புக்ல 'அணைக்க வேண்டும்'னு இருந்துச்சு, புதுசுல 'அணைக்கலாம்'னு இருக்கு. பிரிண்ட்ல தப்பு ஒண்ணும் இல்லையே?"

வார்டு மெஷின் என்றால் எது, அதில் என்ன ஓடுகிறது என்று அவனே ஒருமுறை எனக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறான். மேசையில் டீ இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன்.

"எழுதியிருக்கிறபடி செய் மச்சான். பார்த்துத்தான் எழுதியிருக்கேன்."

"நீங்க சொன்னா சரி மாமா."

டீயைச் சூடு போவதற்குள் குடித்துவிட்டேன். பிறகு ஒரு மணி நேரம் போல வேறு வேலை பார்த்தேன். திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. ஆகவே அந்த அம்மாவைக் கொன்றது நான்தான், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் அறிக்கை நேற்றுதான் எங்கள் கைக்கு வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் 'கையேட்டை எழுதியவரின் கவனக்குறைவால் நேர்ந்த சொற்பிழை' என்று போட்டிருக்கிறீர்கள். அதை மனைவி உரக்கப் படித்தாள். மேலாளர் படித்திருப்பார். இன்ஜினியர்களும் இதையாவது படித்திருப்பார்கள். நான் எழுதியதைக் கவனக்குறைவு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அது பிழை இல்லை ஐயா, அந்தச் சொல் அங்கே எதற்காக நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வரியை நீங்கள் மாற்ற வேண்டும். மாற்றலாம் என்று நான் சொல்லவில்லை.