கேட்கிறவர் நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே, ஆசிரியர்களே, இன்று நாம் அஞ்சலி செலுத்த வந்திருக்கும் டீச்சரிடமிருந்து கோபப்படக் கற்றுக்கொண்ட பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, வணக்கம்.

ஆமாம், கோபப்படத்தான்! கோபத்தை விழுங்கு என்று அந்த அம்மையார் ஒருநாளும் சொன்னதில்லை. எதனால் கோபம், யார்மேல் கோபம் என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்கினார். வயசுப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் உண்டா?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் கதவை அறைவாள், தட்டை எறிவாள், நாள்கணக்கில் பேசமாட்டாள். பள்ளியில் இதற்கென்றே நடத்திய வகுப்பில் டீச்சர் அவளையும் என் வீட்டுக்காரரையும் எதிரெதிரே இரண்டு நாற்காலிகளில் உட்கார வைத்தார். பச்சை நாற்காலி பேசுகிறவருக்கு. சாயம் போன நாற்காலி கேட்கிறவருக்கு. அதில் உட்கார்ந்தவர், எதிரில் இருப்பவர் சொன்னதை அவர் “ஆமாம்” என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை பதில் பேசவும் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. இதுதான் சட்டம்.

“எல்லார் முன்னாடியும் அப்பா என்னைத் திட்டறாரு” என்றாள் மகள்.

“இவளுக்குத் திமிரு டீச்சர்!” என்றார் இவர்.

“அது உங்க பதில் சார். அவ சொன்னது எங்கே?”

“பெத்தவன் திட்டாம ரோட்டுல போறவனா திட்டுவான்?”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்பா, அதுவும் பதில்தான்!”

வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் சொன்னார்: “நாலு பேர் முன்னாடி நான் திட்டினா உனக்கு அவமானமா இருக்கு.” மகள் “ஆமாம்பா” என்று உடைந்து அழுதாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் தட்டு பறந்ததில்லை.

இப்படிப்பட்ட வகுப்பைப் பூட்டியது யார்?

தாளாளர் ஐயா சற்று முன் டீச்சரை “என் உடன்பிறவாத் தங்கை” என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். விட்டுப்போனதைச் சேர்க்காமல் கணக்கை மூடி எனக்குப் பழக்கமில்லை. அப்பா அடிப்பதை ஒரு மாணவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். அந்த அப்பா, ஐயாவுக்கு வேண்டியவர். வந்து கத்தினார். அன்று மாலையே அறைக்குப் பூட்டு! ஐயா, தன் பக்கத்தைச் சொல்ல டீச்சர் உங்கள் அறை வாசலில் எத்தனை முறை நின்றார்! “பரீட்சை நேரத்துல அழுகாச்சி வகுப்பு எதுக்கு? கேக்க எனக்கு நேரமில்ல” என்று உள்ளிருந்தே சொன்னீர்களே, மறந்துவிட்டதா? யாரும் கேட்காமலே அவர் போய்விட்டார்.

நான் தினமும் சாமி கும்பிடுகிறவள். மன்னித்துவிடு என்று கடவுள் சொல்கிறார், எனக்கும் தெரியும். இன்றைக்கே என்று அவர் சொல்லவில்லை.

அந்தக் கடவுளின் வேலையைப் பாருங்கள்! மேடைக்கு நாற்காலி போதவில்லை என்று காவலாளி அண்ணன் பூட்டிய அறையைத் திறந்து இரண்டை எடுத்து வந்திருக்கிறார். பச்சை நாற்காலியில் டீச்சரின் படம். சாயம் போனதில், ஐயா, நீங்கள்!

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குச் சட்டம் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டீச்சர் என்னிடம் சொன்னது இதுதான்: “அறையைப் பூட்டினா பிள்ளைங்க கோபம் போயிடாதும்மா. சொல்லத் தெரியாம ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்குவாங்க, இல்லன்னா தங்களையே அடிச்சுக்குவாங்க. இதை ஐயா ஒரு தடவ கேட்டா போதும்.”

இந்தப் பிள்ளைகள் முன்னால் சபதம் செய்கிறேன். அந்த அறை திறக்கும்வரை சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக் கூடத்தில் வகுப்பு நடக்கும். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். நாற்காலிகளை ஏற்றிப்போக என் வீட்டுக்காரர் வண்டியோடு வாசலில் நிற்கிறார்.

மகளே, டீச்சரின் படத்தை ஐயா பக்கம் திருப்பி வை.

ஐயா, எங்களுக்கு இரண்டு நாற்காலிகளும் வேண்டும். டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். “ஆமாம்” சொல்ல நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்.