முழுக்கைச் சட்டைக்குள்ளே

“ஹலோ... ஹலோ... நான்தான்... ஆமா, நானேதான். வைக்காத. வச்சா மறுபடி அடிப்பேன். இன்னைக்கு லீவுன்னு வீட்டுல உக்காந்துக்கிட்டு எடுக்கலன்னா, நாளைக்கு உன் ஷோரூம் நம்பருக்கு அடிப்பேன். அங்க யார் எடுக்கறாங்களோ அவங்ககிட்டயே விஷயத்த சொல்லிடுவேன்... ம்... ம்... நல்லாத்தான் இருக்கேன். நீ விசாரிச்சுதான் நான் நல்லா இருக்கணும்னு இல்ல.”

பெயிண்ட் கடையின் பின்னறையில், நிறம் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட காலி வாளி மேல் உட்கார்ந்துகொண்டு அவள் பேசினாள். மறுமுனையில் இருந்தவன் ஆறு வருஷத்துக்கு முன் அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போன புருஷன். அவளுடைய போனில் அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது. ‘முழுக்கை’ என்றுதான் பதிந்து வைத்திருந்தாள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, அதிலும் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, டைல்ஸ் ஷோரூமில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பல்லைக் காட்டுகிற ஆசாமி. சேர்ந்து வாழ்ந்த நாலு வருஷமும் அவனை ‘நீங்க’ என்று கூப்பிட்டவள், பிரிந்த மறுநாளே ‘நீ’க்கு இறங்கிவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

“எனக்கு உங்கிட்ட ஒண்ணும் வேணாம்... அட, வேணாங்கறேன்ல? சட்டையக் கழட்டு. அது போதும்... சட்டைய. கழட்டு... காலையில பத்து மணிக்குப் பேசறேன், புத்தி தெளிவாத்தான் இருக்கு... சீ! நெனப்பப் பாரு! உன்ன பாக்கணும்னு ஏங்கிப் போய்க் கூப்பிட்டேன்னு நெனச்சியா? உன் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்... இருங்கண்ணே, தர்றேன்... உன்ன இல்ல. இங்க பெயின்டர் ஒருத்தர் நிக்கிறார். உன்ன எவன் அண்ணன்னு கூப்பிடுவான்?”

பெயின்டர் கையில் ஒரு சுவர்ச் சில்லை வைத்துக்கொண்டு, அதே நிறம் வேண்டும் என்று அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். இப்போது சில்லை மறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“பாப்பா உடம்புல புள்ளி இருக்கு... பால்காபி நிறத்துல. எட்டு... கொசுவா? கொசு கடிச்சா ஏழு வருஷத்துக்கா இருக்கும்? பொறந்த வருஷமே ஒண்ணொண்ணா வந்துச்சு. நீயும் பாத்த. பாத்துட்டு அந்தப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்ட... பூசி மெழுகாத. பூசறது என் தொழில். உன் முதுகுலயும் அதே புள்ளி இருக்கா இல்லையா? அத மறைக்கத்தானே இந்த முழுக்கை வேஷம்?”

அவன் எதையோ இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குக் காது அங்கே இல்லை. தோல் டாக்டரம்மா மருந்துச்சீட்டின் பின்பக்கம் போட்டுக் காட்டிய இரண்டு வட்டங்களே அவள் கண்முன் நின்றன. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று: அதே பால்காபிப் புள்ளி, அக்குளில் அதே பொடிப்புள்ளி. உள்ளே பார்த்தால் இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றுக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்று வாயில் நுழையாத நீளப் பெயர். அது நரம்பு நரம்பாகக் கட்டியை வளர்க்கும், கண் நரம்பில் போய் உட்கார்ந்தால் பார்வையையே பிடுங்கிக்கொள்ளும். இன்னொன்றுக்கு லீஜியஸ் என்று குட்டிப் பெயர். புள்ளியோடு சரி, கட்டி வராது. சில பிள்ளைகளுக்குப் படிப்பு கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஏழு வயசில் எது எது என்று உடம்பைப் பார்த்துப் பிரிக்க முடியாது. குழந்தையின் ரத்தத்தை அனுப்பிவிட்டுப் பத்து வாரம் காத்திருந்ததற்கு, ‘தெளிவில்லை’ என்று ஒற்றை வார்த்தை வந்து சேர்ந்தது. அந்தப் பத்து வாரமும் அவள் தினமும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது விரல் நுனியால் கட்டி தேடினாள். இதே புள்ளியுள்ள பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் உடம்பே பாதி பதிலைச் சொல்லிவிடும் என்றார் டாக்டரம்மா.

பெரியவராம்! அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

“என்ன சொன்ன? உனக்கு ஒரு வியாதியும் இல்லையா?... அதத்தான்யா நானும் வேண்டிக்கிட்டு இருக்கேன்! உன்ன கட்டினதுலேர்ந்து இன்னைக்குத்தான் மொத தடவையா நீ நல்லா இருக்கணும்னு நெனக்கறேன். உனக்கு நாப்பத்திரண்டு வயசாச்சு. அந்த நீளப் பேருக்காரன் உன் உடம்புல இருந்திருந்தா, இந்நேரம் கட்டி கட்டியா கெளம்பியிருக்கணும். புள்ளி இருந்து கட்டி இல்லன்னா பாப்பாவுக்கும் அந்தச் சாது நோய்தான்னு கொஞ்சம் நம்பலாம்... பனியன் விலகினப்ப ஒண்ணு ரெண்டு புள்ளிதான் கண்ணுல பட்டுச்சு, கட்டி இருந்துச்சான்னு அப்ப நான் பாக்கலயேப்பா. அப்ப சண்டை போடத்தான் நேரம் இருந்துச்சு... இல்ல, போட்டோ வேணாம். நீ எடுக்கற போட்டோ எனக்குத் தெரியாதா? வயித்த எக்கிக்கிட்டுதான் நிப்ப... யாரு அது பக்கத்துல? ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?... அவ கேட்டுட்டா கேக்கட்டும். போன அவகிட்ட குடு. குடுங்கறேன்ல!”

போன் கைமாறியது. புதுப் பெண்டாட்டி. இவளைத் திட்டுவதற்கென்றே ஆறு வருஷமாக ஒரு பட்டியல் தயாராக இருந்தது. எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு முதலில் வேலை ஆகட்டும் என்று தள்ளி வைத்தாள்.

“நீதானா... அக்காவும் வேணாம், சொக்காவும் வேணாம். நான் உனக்கு அக்கா இல்ல. எல்லாத்தையும் கேட்டியா?... சரி. அவன் முதுக நீ பாத்திருக்கியா?... என்னது, இன்னும் பனியனோடதான் தூங்கறானா? அதே கதைதானா? நல்ல ஆளப் பிடிச்ச போ... விளக்கப் போட்டாத்தானே தெரியும், அதையும் அணைச்சிடுவான்... எனக்குத் தெரியாதா?... சிரிக்காத. இன்னைக்குப் பனியன் கழண்டாகணும். ஜன்னல்கிட்ட கொண்டுபோய் நிறுத்து. ட்யூப்லைட்டுல பாக்காத, அதுல எந்த நிறமும் உண்மையச் சொல்லாது. வெளிச்சத்துக்கு முதுகக் காட்டச் சொல்லு.”

மறுமுனையில் ஏதோ தள்ளுமுள்ளு கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அவன் குரல் கீச்சென்று உயர்ந்து அடங்கியது. பெயின்டர் அண்ணன் ஒரு வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“எண்ணு. கட்டைவிரல் நகத்தவிடப் பெருசா இருக்கறத மட்டும் எண்ணு... ஒண்ணு... தோள்பட்டைக்குக் கீழயா... சரி, ரெண்டு... மூணு... நிறம் எப்படி இருக்கு? பால் அதிகம் ஊத்தின காபியா?... ஆமா, அதேதான்... நாலு... அக்குள விடும்மா, அந்தப் பொடி ரெண்டு நோய்லயும் வரும், அத எண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல... அஞ்சு... எல்லாம் வலப் பக்கமாவே சொல்றியே? இடப் பக்கம் ஒண்ணுகூட இல்லயா?”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஒரே பக்கமாக இருந்தால் கணக்கே மாறிவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அப்பனுக்கு அரைகுறையாக வந்த நீளப் பெயர் பிள்ளைக்கு முழுசாக இறங்கியிருக்கலாமாம். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளிடம் இதையும் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

“நல்லா பாரு... இன்னும் கீழ. பேன்ட்டக் கொஞ்சம் இறக்கச் சொல்லு... வெக்கப்படறானா? அவனுக்கு எதுக்கு வெக்கம் வருது, எதுக்கு வரலன்னு எனக்குத் தெரியும். நீயே இறக்கு... இருக்கா? இடுப்புல? அவனோட இடதுகைப் பக்கம்தானே?... அப்பா! ஆறு... தொடையிலயும் ஒண்ணா? ஏழு. போதும், போதும். இப்ப கண்ண விட்டுட்டுக் கையால பாரு. முதுகு, கை, வயிறு, கழுத்து எல்லாத்தையும் தடவிப் பாரு. எங்கயாச்சும் கொழகொழன்னு உருண்டை தட்டுப்படுதா?... ம்... ம்... இல்லயா... முழங்கை?... இல்ல... ம்... என்ன? எங்க?”

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இயந்திரத்தில் குலுங்கிக்கொண்டிருந்த டப்பாவும் அந்த நேரம் பார்த்து நின்றது.

“கழுத்துக்குக் கீழயா... முன்பக்கம்... எந்தப் பக்கம்? வலதா?... அழுத்திப் பாரு. உள்ள அமுங்குதா?... அமுங்கலயா? கல்லு மாதிரியா?... அட கடவுளே. விடு, விடு. அது எலும்பு. திரைச்சீலைக் கம்பி மாட்டறேன்னு நாற்காலி மேல ஏறி விழுந்தான். எலும்பு கூடற வரைக்கும் பொறுக்காம கட்ட அவிழ்த்துட்டான், கோணலா சேந்துடுச்சு. நான்தான் கீழ நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்... இல்ல, நான் தள்ளிவிடல. அப்ப அந்த அளவுக்கு வெவரம் வரல எனக்கு.”

அவள் வாளி மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். ஏழு புள்ளி, இரண்டு பக்கமும். ஒரு கட்டி இல்லை. கண்ணில் நீர் முட்டியது. இந்த ஆளின் முதுகை நினைத்தா நாம் அழுகிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“சரிம்மா, வேலை முடிஞ்சுது. நான் வைக்க... என்ன?... பாப்பாவுக்கு அவன்கிட்டேர்ந்துதான் வந்திருக்கும், ஆமா... ஏன் கேக்குற?... ஏன் கேக்குற, சொல்லு... எத்தன மாசம்?... அஞ்சா...”

அந்தப் பட்டியல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தாள், ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

“அவன் உங்கிட்ட சொல்லலயா?... எங்கிட்டயும்தான் சொல்லல. சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட மொதல்லயே போயிருக்கலாம்... அழாத. இந்த நேரத்துல அழக்கூடாது. கேளு, பொய் சொல்ல மாட்டேன். வந்தாலும் வரும், வராமலும் போகும், பாதிக்குப் பாதி. ஆனா கட்டி இல்லேல்ல? அப்ப அந்தச் சாது நோய் பக்கம்தான் சாயுது. உறுதியாச் சொல்ல அவன் கண்ணயும் பாக்கணும், ரத்தமும் எடுக்கணும். உன் வயித்துல இருக்கறதுக்கும் சேத்துதான்... வியாழக்கிழமை, பத்து மணி. வர மாட்டான், ஆயிரம் சாக்கு சொல்லுவான்... நீ கூட்டிட்டு வர்றியா?... கையப் பிடிச்சு இழுத்துட்டா?... நீ செய்வ. உன் குரலே சொல்லுது... சரி. இடம் மெசேஜ் அனுப்பறேன். காலையில சாப்பிட்டுட்டு வா, அங்க ரொம்ப நேரம் உக்கார வைப்பாங்க... ம்... ம். சொல்லிக்கோ. அக்கான்னே சொல்லித் தொல. அவன்கிட்ட குடு.”

போன் மறுபடி கைமாறியது. அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பான், கழுத்துப் பொத்தான் வரை.

“கேட்டேல்ல? வியாழக்கிழமை வர்ற... ஷோரூம்ல கூட்டமா? நீ இல்லன்னா ஊர்ல யாரும் தரைக்குக் கல்லே பதிக்க மாட்டாங்களா?... அப்படி வா வழிக்கு. வேற என்ன?... ரெண்டாம் வகுப்பு... படிக்கறா, மெதுவாத்தான் ஏறுது... என்ன கேட்ட?”

ஆறு வருஷத்தில் அவன் இதுவரை கேட்காத கேள்வி. குழந்தை யார் ஜாடை என்று கேட்டான்.

கேட்ட எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். மூக்கு என்னுது, நடை என்னுது, பிடிவாதம் என்னுது, அந்த ஆளோடது நகக்கண் அளவுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், குழந்தையிடமே சொன்னாள். பெயின்டர் அண்ணனுக்கும் அது தெரியும்.

“உன் ஜாடைதான்... ஆமா. உன்ன மாதிரியேதான் இருக்கா... இளிக்காத, உன்ன பாராட்டல. உங்கிட்டேர்ந்து அவளுக்கு ஒண்ணுமே வந்துடக் கூடாதுன்னு இருந்தவ நான். இப்ப சொல்றேன், கேட்டுக்கோ... அவ உன்ன மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்.”

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.