நரிக்கு ஒரு துவக்கு

ஜெர்மனியின் ஹம் நகரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் பின் இருக்கையிலிருந்து தமிழ் கேட்டது.

"செமி ஓட்டோமேட்டிக்தான் அக்கா வாங்கப் போறன்."

கையிலிருந்த புத்தகத்தை அதற்குப் பிறகு நான் புரட்டவில்லை. ஜன்னல் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். சொன்னவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்திலிருந்தவருக்கு ஐம்பது. இருவருக்கும் ஒரே முதியோர் இல்லத்துச் சீருடை.

"துவக்கோ? உனக்கோ?"

"ஓம். வேட்டைச் சோதனை பாஸ் பண்ணிட்டன். எங்கட பக்கத்துப் பண்ணைக்காரர் வரச் சொல்லியிருக்கிறார். நரி கோழியளை விடுகுதில்லையாம்."

"அதுக்குச் சாதாரணத் துவக்கு காணாதோ?"

"நான் இடக்கை அக்கா. அதில ஒவ்வொரு வெடிக்கும் வலப்பக்கக் கைப்பிடியை இழுக்கோணும். அதுக்குள்ள நரி காட்டுக்குள்ள போயிடும். இது தானாவே அடுத்த குண்டை ஏத்தும். மகசினில ரெண்டுக்கு மேல போட ஏலாது, சட்டம். எனக்கு ஒண்டே காணும்."

"வீட்டில எங்க வைப்பாய்?"

"இரும்பு அலுமாரி வந்திட்டுது. ஹோலில, சோபாவுக்கு நேர எதிர வைச்சிருக்கு."

"விசரே உனக்கு! ஞாயிறு பொம்பிளை பாக்க வருகினமெல்லோ?"

"அதுக்குத்தான் அங்க வைச்சனான். பயப்பிடுறவர் அண்டைக்கே பயந்து போகட்டும்."

அடுத்த ஸ்டேஷன் வந்தது. அக்கா இறங்க எழும்பியபடி சொன்னார்.

"அப்ப ஞாயிறுக்கு முன்னம் துவக்கை வாங்கிப்போடு. உள்ள என்னெண்டு கேட்டினமெண்டா, வெறும் அலுமாரியையோ திறந்து காட்டுவாய்?"