எச்சில் பட்ட பாசி

பாசிமணி கோப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை சார். கண் தெரிய வேண்டும், விரல் நடுங்கக் கூடாது, அவ்வளவுதான். அறுபது தாண்டியும் எனக்கு விரல் நடுங்காது. பாருங்கள்.

நான் சொல்வதை ஏட்டையா எழுதட்டும். ஆனால் எழுதியதை முழுக்க எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நான் மூன்றாவதோடு நின்றவன், என்றாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்துப் போட்ட பிறகு நடுவில் ஒரு வரியை எப்படிச் சொருகுவார்கள் என்று பனியன் கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர்கள் அவர்களைவிட யோக்கியர்கள் என்று நான் நினைக்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரையுமே நான் அப்படி நினைப்பதில்லை.

என் பேர் பழனிமுத்து. மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். போன மாதம் இறந்துபோனது என் சம்சாரம் தெய்வாத்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டு சைதுன்னிசா உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் நூல்கண்டு எங்கள் வீட்டுடையதுதான். அதற்கு வருகிறேன்.

எங்கள் தொழில் கழிவில் நகை செய்வது. கம்பெனியில் வெட்டிப் போடுகிற துணி, ஏற்றுமதியில் கழித்துவிட்ட பட்டன், சாயம் சரியாக ஏறாத நூல், இவைதான் சரக்கு. எண்பத்தாறில் கட்டிங் வேலையிலிருந்து என்னை நிறுத்தினார்கள். அப்போது வேஸ்ட் வாங்கிவந்து இதை ஆரம்பித்தவள் தெய்வாத்தாள்தான், இல்லையென்று சொல்லவில்லை. நான் செம்புக் கம்பியை வளைத்துக் கொக்கியும் வளையமும் ஜிமிக்கிக் கூடும் செய்வேன். அவள் பாசியும் பட்டனும் கோத்து மாலையாக்குவாள். அவிநாசித் தேர், பெருமாநல்லூர் குண்டம், சென்னிமலைத் தைப்பூசம் என்று எங்கே கூட்டமோ அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவோம்.

பனியன் நூலுக்கு முறுக்குக் குறைவு. நுனி பிரிந்துகொள்ளும். பாசியின் துளையோ கடுகளவு, ஊசி நுழையாது. நுனியை விறைப்பாக்கித்தான் உள்ளே விட வேண்டும். தெய்வாத்தாள் அதை வாயில் வைத்து விறைப்பாக்குவாள். உதட்டுக்குள் நூலைக் கொடுத்து, நாக்கால் ஒரு சுருட்டு, உதட்டால் இறுக்கி வெளியே ஒரு இழுப்பு. ஒவ்வொரு பாசிக்கும் இதே கதை. அவசரமாக இருந்தால் கைப்பிடிப் பாசியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டுக்கு உருட்டிக் கொண்டுவருவாள். வெற்றிலை போடுகிற வாய் சார். பாசியின் துளை ஓரத்தில் சிவப்பாக ஒட்டியிருக்கும்.

அந்த மாலையை யாரோ ஒரு பெண் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பாள். கழுத்து வேர்வையில் இவளுடைய எச்சில் ஊறும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த ஊரே அப்படித்தான். கம்பெனியில் செக்கிங் பெண்கள் பிசிறு நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார்கள். அந்தப் பனியனைத்தான் பாலிதீன் பையில் போட்டுச் சீமைக்கு அனுப்புகிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் நாக்கைத் தொட்டு டிக்கெட் கிழிப்பான். அதை வாயில் கடித்துக்கொண்டு சில்லறை தேடுவான் நம்ம ஆள். நொய்யலில் நுரை ஒரு நாள் ஊதா, ஒரு நாள் பச்சை. அந்தக் கரையில் உட்கார்ந்து தின்கிறார்கள். யாருக்கும் குமட்டவில்லை. எனக்கு மட்டும்தான் குமட்டுகிறது என்றால், கோளாறு எனக்கா, ஊருக்கா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவளிடம் நல்லவிதமாகத்தான் சொன்னேன். தேன்மெழுகு வாங்கிக் கொடுத்தேன். பாசியில் நிறம் மங்குகிறது என்று தூக்கிப் போட்டாள். போஸ்டாபீசில் தபால்தலை ஒட்ட வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஈரப் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். அதைக் காயவிட்டு மூக்குத்திகளைச் சொருகி வைத்தாள்.

அவிநாசித் தேர்க் கடையில் ஒரு முறை, வாங்க வந்தவர்கள் சுற்றி நிற்கும்போது, மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஏ புள்ள, சனம் பாக்கறாங்க. வாய்ல வெக்காத."

அவள் நூலை வாயிலிருந்து எடுக்காமலே அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்: "இவரு இப்பிடித்தானுங்க. எச்சின்னா ஆகாது. கண்ணாலம் பண்ணி இத்தன வருசத்துல எனக்கொரு முத்தங் குடுத்திருப்பாருன்னு நெனைக்கறீங்க? அப்பறம் புள்ள எங்கிருந்துங்க வரும்?"

பக்கத்துக் கடையில் வளையல் விற்ற ரங்காத்தாள் என்ற கிழவி, "அட போ கண்ணு, முத்தத்துலயா புள்ள பொறக்குது?" என்றாள். அந்த வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம்.

அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது காரணமில்லை.

தொண்ணூற்றி மூன்றில் கோயமுத்தூரிலிருந்து சுப்புலட்சுமி என்று ஒரு அம்மாள் வந்தார். அங்கே கைவேலைக் கண்காட்சி நடத்துகிறவர். எங்கள் சாக்கின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நானும் அப்போது சில மாலைகள் கோத்திருந்தேன், மெழுகு தொட்டு. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை, ஒரே நிறம், அளவெடுத்தது போல இருக்கும். தெய்வாத்தாள் கோத்ததோ, ஒரு பக்கம் பெரிய சட்டைப் பட்டன், மறுபக்கம் மூன்று சின்னப் பாசி, நடுவில் துணி முடிச்சு. பைத்தியக்காரி கழுத்தில் கிடப்பது போல இருக்கும்.

அந்த அம்மாள் என்னுடையதைக் கீழே வைத்துவிட்டு, "இது மெஷின்ல செஞ்ச மாதிரி இருக்குங்க. அவங்க செஞ்சதுதான் எனக்கு வேணும். இதுதாங்க ஆர்ட்" என்றார்.

ஆர்ட். எச்சிலுக்கு அந்த அம்மாள் வைத்த பேர்.

அதற்குப் பிறகு அவர் மாதம் ஒருமுறை கார் எடுத்துக்கொண்டு எங்கள் சந்துக்கே வந்தார். இந்தச் சித்திரையில் கோயமுத்தூர்க் கண்காட்சியில் தெய்வாத்தாளுக்குத் தனிக் கடை, அவள் பேர் எழுதிய போர்டோடு. அதோடு அங்கேயே தங்கிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் தருவதாகச் சொன்னார். கார்த்திகை மாதம் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே தெய்வாத்தாள் என்னிடம் சொன்னாள்.

"சித்திரைக்கு அப்பறம் நான் கோயமுத்தூர்லயே இருந்துக்கறனுங்க. அம்மா ஒரு ரூமு குடுக்கறாங்களாமா."

"அப்ப நானு?"

"நீங்க சுத்தமா இருந்துக்கலாமுங்க. எச்சிக்காரி ஊட்டுல இருக்க மாட்டா."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போகிறவள் போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் நாலு பெண்களுக்கு இவள் சொல்லிக் கொடுக்கப்போவது என்ன? நூலை நக்குவதைத்தானே? நாற்பது வாய் நக்குகிற மாலையை ஊரெல்லாம் போட்டுக்கொண்டு திரியும். அதை நினைத்து எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஆகவே போவதற்கு முன்னால் அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விரல் சூப்புகிற குழந்தைக்குத் தாய் என்ன செய்கிறாள்? விரலில் வேப்பெண்ணெய் தடவுகிறாள். அவளை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. நானும் முதலில் நூலில் வேப்பெண்ணெய்தான் தடவினேன். தெய்வாத்தாள் வாயில் வைத்தாள், துப்பினாள், "இதென்ன உங்க சோலியா?" என்று சிரித்தாள். நூலைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து, மறுநாள் பழையபடி வாயில் வைத்தாள்.

அப்போது நான் பகலில் ஒரு சாயப்பட்டறையில் வாட்ச்மேனாக இருந்தேன். அங்கே ஒரு டிரம்மில் மஞ்சள் தூள் உண்டு. அதன் பேர் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். ஏட்டையா எழுதி, நாலு பேர் படித்து, நாளைக்கு யாராவது பழகிக்கொள்வார்கள். கையுறை போடாமல் அதை அள்ளியவனுடைய விரல் இடுக்கில் குழி விழுந்து ஆறாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். டிரம் கழுவிய தண்ணீரை நக்கிய வெள்ளாடு ஒன்று பொழுது சாய்வதற்குள் காலை உதைத்துக்கொண்டு செத்ததையும் பார்த்தேன். ஆனால் அது ஆடு. வயிறு முட்டக் குடித்தது. நூல் நுனியில் என்ன இருந்துவிடப்போகிறது?

மார்கழியில் ஒரு கட்டு வெள்ளை நூலை அதில் நனைத்துக் காயவைத்து அவளுடைய கூடையில் வைத்தேன். நல்ல மஞ்சள். பூசணிப்பூ நிறம். அவள் எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

"ஏனுங்க, இந்த மஞ்ச எங்க புடிச்சீங்க? கழுத்துல போட்டா தூக்கிக் குடுக்குமுங்க."

நான் கொண்டுவந்த எதையும் அவள் அதுவரை மெச்சியதில்லை. அன்றைக்கே அதில் மாலை கோத்தாள். சுப்புலட்சுமி அம்மாளுக்கும் அந்த நிறம் பிடித்துப்போய், கண்காட்சிக்கு எல்லாம் மஞ்சள் நூலிலேயே செய்யச் சொன்னார். நான் இன்னும் இரண்டு கட்டு நனைத்துக் கொடுத்தேன். நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. அந்த மாலைகள் கழுத்தில் போடுவதற்குத்தான் சார். கைக்குழந்தைக்காரி வாங்கினால், குழந்தை அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவை எங்கெங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

தையில் அவளுக்கு உதடு வெடித்தது. பிறகு நாக்கில் புண். வயிற்றில் எரிச்சல் என்றாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பையன். வெற்றிலையை விடச் சொல்லி, குடல் புண்ணுக்கு மாத்திரை கொடுத்தான். நான் பல தடவை சொன்னதையே அவன் சொன்னதும் வெற்றிலையை விட்டாள்.

மாசியில் வாயில் எதுவும் வைக்க முடியாமல் போனது. அப்போதுதான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நூலை அதில் தொட்டுக் கோக்க ஆரம்பித்தாள். "பாத்தீங்களா, உங்க ஆசப்படியே ஆயிப்போச்சு" என்றாள். எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. வீட்டில் ஒரு சுத்தம் வந்த மாதிரி இருந்தது.

அவளுக்குக் கை ஓயும்போது சைதுன்னிசா கம்பெனி விட்டு வந்து உதவி செய்தாள். "அக்கா, நீங்க படுங்க, நான் கோத்துத் தர்றேன்" என்பாள். அவளும் நூலை வாயில்தான் வைத்தாள். யாரும் அவளை வைக்கச் சொல்லவில்லை. அந்த வாரமே அவளுக்கும் உதடு புண்ணானது. என்னிடம் வந்து, "அண்ணா, எனக்கும் அக்கா மாதிரியே ஆயிருச்சு. இந்த நூல்ல என்னமோ இருக்குது" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே தட்டுல திங்கறீங்க. ஒட்டாம என்ன பண்ணும்?" என்றேன்.

ஒரு பார்வை பார்த்தாள். மறுநாளிலிருந்து நூலைத் தொடவில்லை. பங்குனியில் தெய்வாத்தாள் போனதும், கூடையிலிருந்து ஒரு கண்டை எடுத்து மறைத்துவைத்திருக்கிறாள். பொம்பளையாக இருந்தாலும் புத்தி இருக்கிறது.

இதுதான் சார் நடந்தது. ஒரு கெட்ட பழக்கத்தை நிறுத்தப் பார்த்தேன். அளவு கூடிவிட்டது.

நீங்கள் கேட்பது புரிகிறது. மாசியிலேயே கிண்ணத் தண்ணீருக்கு மாறிவிட்டாள் என்று சைதுன்னிசா சொல்லியிருக்கிறாள். சைதுன்னிசாவுக்கே நூலை விட்டதும் புண் ஆறிவிட்டது. அப்படியிருக்க, வாயில் வைப்பதை நிறுத்தியவள் பங்குனி வரைக்கும் எப்படித் தேய்ந்துகொண்டே போனாள் என்று கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்விதான்.

அவளுக்கும் ஆறத்தான் செய்தது. மாசிக் கடைசியில் எழுந்து நடமாடினாள். கோயமுத்தூருக்கு எடுத்துப்போக இரண்டு சேலையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். சுப்புலட்சுமி அம்மாள் போர்டைக் கொண்டுவந்து காட்டினார். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. 'தெய்வாத்தாள்' என்று மட்டும் இருந்தது. நான் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன்.

வாய்ப்புண்ணுக்கு மோர் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தான். நானே கடைந்து காலையிலும் சாயங்காலமும் கொடுத்தேன். தூளின் நிறம் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் மஞ்சள்பொடி போட்டேன். "இந்த மனுசனுக்கு இப்பத்தான் என்ற மேல பிரியம் வந்திருக்குது" என்று சைதுன்னிசாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

வாய் வைத்துக் குடித்தால் எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். கடைசி நாட்களில் தலையைத் தூக்கவே முடியவில்லை. அப்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, தம்ளரை உயரத் தூக்கி அண்ணாந்துதான் குடித்தாள். ஒரு நாள்கூடத் தம்ளரில் அவள் உதடு படவில்லை. மனசு வைத்தால் அவளாலும் சுத்தமாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்த பிறகும் கொடுத்தேன்.