ஒத்தை டிக்கெட்

கூட்டம் இல்லாத படம்தான் எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் சார். கூட்டம் வந்தால் பக்கத்து சீட்டுக்காரன் பொட்டலம் பிரிக்கிற சத்தம்தான் கேட்கும். பெயர் தெரியாத டைரக்டர், முகம் தெரியாத நடிகர், போஸ்டர் ஒட்டக்கூட ஆளில்லாத படம், அதுதான் என் படம். இருபது வருடமாகப் பார்க்கிறேன். பார்த்ததைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுதுகிறேன். ஆபீஸில் எனக்கு ஒத்தை டிக்கெட் என்று பெயர்.

பெரிய படத்தில் ஒருத்தன் செத்தால் வயலின் அழும். நான் பார்க்கிற படத்தில் செத்தால் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். எது நிஜம் என்று உங்களுக்குத் தெரியாததா? ஊருக்குத்தான் தெரியவில்லை. ஊர் மேல் எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சலை நான் மறைக்கவில்லை.

என் மனைவிக்கும் தெரியாது. "யாருமே வராத படத்துக்கு நீங்க மட்டும் எதுக்குப் போறீங்க? படத்துக்குத் துணைக்கா?" என்று கிண்டல் செய்வாள். நன்றாக இருந்த காலத்தில் சொன்னது.

பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். பேச்சு போயிற்று, வலது பக்கம் போயிற்று. இடது கைக் கட்டைவிரலால் போனில் ஒரு பொத்தானை அழுத்துவாள், எனக்கு அழைப்பு வரும். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், ஊட்டினேன். பார்க்க வந்தவர்கள் தங்கமான மனுஷன் என்றார்கள். சளி தொண்டையில் அடைத்தால் தூக்கி உட்கார வைத்து முதுகில் தட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் எப்போது வரும் என்று தெரியாததால் ஒன்றரை வருடம் நான் ஒரு படம்கூட முழுசாகப் பார்க்கவில்லை. அதை யாரும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அந்தப் படம். ஒரே ஒரு காட்சி. மைத்துனியை வீட்டில் உட்கார வைத்தேன். "மூணு மணிக்கு நான் கிளம்பியாகணும் மாமா, அதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?" என்றாள். வந்துவிடுவேன் என்றேன். படம் நாலே கால் வரை என்று எனக்குத் தெரியும்.

மாடியில் நாற்பது நாற்காலி போட்ட சின்ன அரங்கம். ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். "சார், நீங்க ஒருத்தர்தான். ஓட்டணுமா?"

"ஓட்டுங்க."

வேலையை விட்டுவிட்டு, படுத்த படுக்கையான மனைவியைக் கவனிக்கிற ஒரு லாரி டிரைவரின் கதை. மூன்று மணிக்கு வெளியே வந்து மைத்துனிக்குப் போன் செய்தேன். "தெருமுனைக்கு வந்துட்டேன், நீ கிளம்பு" என்றேன். பாவம், நம்பிக் கிளம்பிவிட்டாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன். மூன்றரை இருக்கும். டிரைவர் மனைவியின் கால் நகத்தை வெட்டுகிறான். பதினொரு நிமிடம் ஒரே ஷாட். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன், அவள்தான். சும்மா அழைக்க மாட்டாள். ஒன்பது தடவை அதிர்ந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஆபரேட்டர் வந்தார். "அவசரம்னா போயிட்டு வாங்க சார், நான் நிறுத்தி வெக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். வேண்டாம் என்று சொல்லி போனை அணைத்தேன். ஆட்டோ பிடித்தால் வீடு ஐந்து நிமிடம்.

திரையில் அவன் கை நடுங்கியது, காலில் காயம் பட்டுவிடக் கூடாதே என்று. நான் தேம்பி அழுதேன். எனக்கு ஈரமில்லை என்று மைத்துனி சொல்கிறாளாம். ஆபரேட்டரைக் கேளுங்கள்.

முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் குறிப்பு எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

தெரியாமல் நடந்தது என்று எழுதாதீர்கள். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஏன் எழுந்து போகவில்லை என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? அரங்கில் வேறு யாரும் இல்லை, சார். நானும் போய்விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்? அவ்வளவு நல்ல படத்தை அப்படித் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.