வாசல்ல கெடக்கற செருப்பு

…எழுதினது நாந்தானுங்க, இல்லீங்கல. ஆனா எழுதினத அப்படியே போயி ஒப்பிக்கச் சொன்னது ஆரு? அத மட்டும் சொல்லுங்க. சித்த அக்கட்டத் தள்ளி உக்காருங்க, பஸ் ஜன்னக் கம்பி இடிக்குது. ம்… இப்பச் செரி.

எங்க செகரட்ரி சரவணக்குமாருன்னு. நல்ல மனுசன்தானுங்க, வாயி மட்டும் ஆகாது. என்னயச் சொல்றீங்களா? நான் பேசறது வேற, அவரு பேசறது வேறங்க. என்ற சோலியே பேசாம இருக்கறதுதான். திருப்பூர்ல எங்க ட்ரஸ்ட்டு ஒரு டயாலிசிஸ் சென்டர் நடத்துது. முடியாதவங்களுக்குச் சும்மாவே பண்ணி உடறாங்க. அதுக்கு நன்கொட வேணுமல்லங்க? கேக்கறது செகரட்ரி. ஆருகிட்டக் கேக்கறது, எப்பக் கேக்கறது, ஆரு போயிக் கேட்டா மனசு எளகும்… இதயெல்லாம் விசாரிச்சு எழுதிக் குடுக்கறது நானு. ஐடி கார்டுல 'ப்ராஸ்பெக்ட் ரிசர்ச்சர்'னு போட்டிருக்குது. எங்க ஊட்டுக்காரியக் கேட்டா, 'சம்பளம் வாங்கிட்டு ஊர்வம்பு'ங்கறா. அதா, முன்னால, பச்சச் சேல… அவதானுங்க. பக்கத்துல எடமிருந்துச்சு, எங்கூட உக்காரமாட்டேன்னுட்டா.

முன்ன பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தனுங்க. துணிய வெளிச்சத்துல விரிச்சு வெச்சு ஓட்ட பாக்கற சோலி. இப்ப ஆளப் பாக்கறேன், அவ்வளவுதான். துணி கோவிச்சுக்காது. ஆளு கோவிச்சுக்கறாங்க.

ஒரு கம்பெனிக்கு உள்ளயே போகமாட்டனுங்க நானு. எதுத்தாப்ல பேக்கரில ஒரு டீ. வாட்ச்மேன் ஒடம்பு எப்படி இருக்குது? தொப்ப போட்டிருந்தா மொதலாளி சோறு போடறவரு. கோயில்ல ட்யூப்லைட்டு வாங்கிக் குடுத்து, வெளிச்சமே வராத அளவுக்கு அதுமேல பேரெழுதியிருக்காரா? அவருக்குக் கல்வெட்டுல பேரு பெருசாப் போடோணும். எழுதாதவர்கிட்டப் போனா பேரப் பத்தி மூச்சு உடக்கூடாது. எல்லாத்துக்கும் மேல செருப்புங்க. ஊட்டு வாசல்ல கெடக்கற செருப்பப் பாத்தாப் போதும், உள்ள எத்தன பேரு, ஆரு ஊட்டாளு, ஆரு ஒறம்பரையா வந்தவங்க, ஆரு கோவத்துல இருக்கறாங்க, அத்தனையும் தெரியும். கோவத்துல போனவன் செருப்பு ரெண்டும் ஒண்ணாக் கெடக்காது. ஒண்ணு கெழக்க பாக்கும், ஒண்ணு குப்புறக் கெடக்கும்.

உங்களதுகூடப் பாத்தனுங்க. சீட்டுக்கடியில கழட்டி உட்டிருக்கீங்களே. எடது செருப்புல மேல்வாரு தேஞ்சிருக்குது. கியரு போட்டுப் போட்டுத் தேஞ்சது. புல்லட்டு வெச்சிருக்கீங்க. அப்படிப்பட்டவரு பஸ்ல வர்றீங்கன்னா, வண்டிய மகன் எடுத்துட்டுப் போயிட்டாரு. இல்லீங்களா? செரி, மருமகன்.

இந்த விவரமெல்லாம் உள்ளுக்குள்ள வெச்சுக்கறதுக்குங்க. மங்கலத்துல கிட்டுசாமின்னு ஒரு தறிக்காரரு. 'இனிப்பு வாங்கிட்டுப் போகவேண்டாம், அவருக்குச் சர்க்கர, சம்சாரத்துக்குத் தெரியாம வெச்சிருக்கறாரு'ன்னு எழுதிக் குடுத்தேன். நம்மாளு போயி, அந்தம்மா முன்னாலயே, 'ஸ்வீட் வாங்கலீங்க, உங்களுக்குச் சர்க்கரன்னு ஆபீஸ்ல எழுதியிருக்குது'ன்னாரு. நன்கொட வரல. அன்னைக்கிருந்து அந்த மனுசனுக்கு மூணு வேளையும் ராகிக் களி. ரோட்டுல என்னயப் பாத்தா மொறைக்கறாரு.

அதக்கூட உடுங்க. என்ற பொண்ணு தரணி, எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறா. அவளுக்குத் தாராபுரத்துல ஒரு வரன் வந்துச்சு. பையன் பேரு கவின். அவங்கப்பா ஆத்தப்பன், வெங்காய மண்டி வெச்சிருக்கறாரு. பையனுக்கும் பொண்ணுக்கும் புடிச்சுப் போச்சு. வரன்னா விசாரிக்கோணுமல்லங்க? ஊர்ல அல்லாரும் பண்றதுதான். டீக்கடைல ரெண்டு வார்த்த, பக்கத்தூட்ல ரெண்டு வார்த்த. நான் பண்ணினது சித்த எச்சாப் போச்சு. கைப்பழக்கமுங்க. மண்டிக்கு எதுத்தாப்லயே லீவு போட்டு உக்காந்துட்டேன். அருமையான குடும்பம். ஆத்தப்பன் தனக்குன்னா பழைய சட்டயவே போட்டுக்குவாரு, அடுத்தவனுக்குன்னாக் கை தாராளம். அவரப் பெத்த அம்மா செத்ததே கிட்னி சீக்குலதான். டயாலிசிஸ்னாலே மனுசனுக்குக் கண்ணு கலங்குது. இத்தன தங்கமான விவரம் கைல இருக்கறப்பச் சும்மா உட மனசு வருமுங்களா? வேஸ்டாப் போகுதேன்னு ஆபீஸுக்கும் ஒரு காப்பி எழுதிக் குடுத்துட்டேன்.

அதுல கடைசி வரில எப்பவும் போல எழுதினதுதான். 'மகன் கல்யாணம் முடிவாகட்டும், மனசு எளகியிருக்கும், அப்பக் கேக்கலாம். பொண்ணு ஊட்டுக்காரங்க கேட்டா மறுக்கமாட்டார்.' ஏனுங்க, தப்புங்களா? …முன்னால பாக்காதீங்க, அவ திரும்பறா.

நிச்சயத்துக்கு மொத நாளு செகரட்ரி தாராபுரம் போறாரு. கைல பொன்னாட. ஒறம்பர அத்தன பேரும் கூடியிருக்கற ஊட்ல ஆத்தப்பனுக்குப் போத்தி உட்டுட்டு, 'கல்யாணம் முடிவானதும் கேக்கச் சொல்லி எங்க வேலுமணி எழுதியிருக்கறாருங்க. நாளைக்கு முடிவாகுதாமா, நமக்கு எதுக்கு லேட்டுன்னு முந்தியே வந்துட்டேன்'னாரு. ஆத்தப்பன் கோவமாக்கூடப் பேசலியாமா. பொன்னாடய நாலா மடிச்சு அவரு கைலயே குடுத்து, 'அவங்க பொண்ணு குடுக்க வர்றாங்களா, வசூலுக்கு வர்றாங்களா, கேட்டுச் சொல்லுங்க'ன்னாராமா.

நிச்சயம் நின்னு போச்சுங்க. என்ற பொண்ணு அன்னைக்கிருந்து எங்கூடப் பேசறதில்ல. ஒரே ஊட்ல இருந்துட்டு வாட்ஸ்அப்ல அனுப்பறா. இன்னைக்கு அனுப்பியிருக்கறதப் பாருங்க. 'கவின் கெஞ்சினதுல அவங்கப்பா ஒரே ஒரு தடவ உங்களப் பாக்க ஒத்துக்கிட்டாரு. போய் மன்னிப்புக் கேளுங்க. வேற எதுவும் கேக்காதீங்க. காப்பி குடுத்தாலும் ரசீது போட்டுடாதீங்க.' அங்கதான் இப்பப் போயிட்டிருக்கறோம். பெத்த அப்பனப் பாத்து எழுதறதப் பாருங்க. நான் அப்படியாப்பட்ட ஆளுங்களா? ரசீது புக்கு பைல இருக்குது, இல்லீங்கல. அது எப்பவும் இருக்கறது.

உங்களயே எடுத்துக்கங்க. பையோட நின்ன பொம்பளைக்கு எடத்த உட்டுட்டுத்தான் இங்க வந்து உக்காந்தீங்க. பாத்ததுமே நெனச்சேன், ஈரமான ஆளுன்னு. அப்பறம் போன்ல பேசினீங்களே, விக்கற எடத்துக்கு அட்வான்ஸ் வந்துருச்சுன்னு… ஒட்டுக் கேக்கலீங்க, காதுல உழுந்துச்சு. அட்வான்ஸ் வந்த நாளு மனசு நெறஞ்சிருக்குமுங்க. இந்த மாரி நேரத்துல ஒரு நல்ல காரியத்துக்கு…

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? இது குண்டடமுங்க. நீங்க தாராபுரத்துக்கல்ல டிக்கெட் எடுத்தீங்க, பாத்தனே. ஏனுங்க… ஒரு செருப்பு இங்கயே கெடக்குது. ஏனுங்க, எடது செருப்பு… ஜன்னல்ல போடறேன், புடிச்சுக்கங்க.

…திரும்பியே பாக்காமப் போறாரு.

தரணியோட அம்மா… ஏம்புள்ள, இங்க வா, சீட்டு காலி. வா, ஒண்ணும் சொல்லமாட்டேன். சிரிக்காத. பாத்தியா நீயும்? ஒத்தச் செருப்போட ஓடறாரு மனுசன். நான் அவர ஒண்ணுமே கேக்கல புள்ள. கேக்கத்தான் போனேன்.

…இல்ல, ஒரு ரோசன. ஆத்தப்பன் ஊட்டுக்குள்ள நீ மட்டும் போ. நீயே பேசிரு. உனக்குத்தான் நாலு வார்த்தைல நிறுத்தத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. இந்தா, ரசீது புக்கு. உன்ற பைல போட்டுக்க. நான் கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காத.

நானா? வாசல்லயே நின்னுக்கறேன். ஆரையும் ஒண்ணும் விசாரிக்கமாட்டேன், தரணி மேல சத்தியமா… செரி செரி, அவள இழுக்கல. என்ற மேலயே.

சும்மா செருப்பு பாத்துட்டு நிக்கறேன் புள்ள. ஆத்தப்பன் செருப்பு ரெண்டும் ஒண்ணாக் கெடந்துச்சுன்னா ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். அப்பறம் நீ தைரியமாப் பேசு.