இத்தலார் இறக்கத்துல ஒரு கேரட் வண்டி

ஹலோ! … ஹலோ, சுவாதி? … கேக்குதா? … இப்ப? … அப்பாடா! இரு, அசையாம நிக்கறேன். அசைஞ்சா டவரு போயிருது.

ஆமாடீ, நான்தான். கெஸியாதான். … உசுரோடதான் இருக்கேன்! … விழல. எங்கயும் விழல. … ஆமா, ஆமா, தெரியும். நீங்க மூணு பேரும் எமரால்டு போய்ச் சேந்து, டீக்கடைல உக்காந்து, வடை தின்னு முடிச்சு, நான் எப்பவும் போல கடைசி, இன்னும் காணோம். … அத்தன தடவ கூப்பிட்டியா? இங்க ரோட்டுல டவரே இல்லடீ. இப்பத்தான் தேயிலைக்குள்ள பூந்து மேட்டு மேல ஏறி நிக்கறேன்.

சிரிக்கல. … சரி, சிரிக்கறேன். நிறுத்தவே முடியல. … குடிச்சிருக்கனா? காலங்காத்தால, ஊட்டியில இருந்து சைக்கிள மிதிச்சுட்டு வந்து, தேயிலைக்குள்ள நின்னு குடிப்பாங்களா?

சுவாதி, கொழந்த பொறந்துருச்சு. … எனக்கில்லடீ! … ஐயோ, எனக்கு எப்படிப் பொறக்கும்? நாப்பத்தி நாலு வயசுல, நேத்து வரைக்கும் ஒண்ணுந் தெரியாம? … நபீசாவுக்கு. … உனக்குத் தெரியாது. எனக்கே இன்னைக்குக் காலைலதான் தெரியும். … பொண்ணு. இத்துனூண்டு. தல பூரா முடி!

ஸ்பீக்கர்ல போடு. போடுடீ, நான் ரெண்டாந் தடவ சொல்ல மாட்டேன். … ஷகீல் இருக்கானா? … ஜெஃப்ரி சார்? … சார், வணக்கம் சார். … நல்லாருக்கேன் சார். உங்க பிசிக்ஸ மட்டும் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க சார், இதுல எந்தக் கணக்கும் ஒத்து வராது.

கேளுங்க. இத்தலார் தாண்டி இறக்கம் வருதில்ல? நீங்கெல்லாம் சர்ருன்னு போயிட்டீங்க. நான் ரெண்டு பிரேக்கையும் புடிச்சுட்டு மெதுவா எறங்கறேன். … ஆமா, பயந்தாங்கொள்ளி, சரி. மேல சொல்லட்டுமா? … அந்த வளைவு திரும்பறேன், ரோட்டக் காணோம். கற்பூர மரம்! தைலம் எடுக்கற பெரிய மரம், வேரோட சாஞ்சு ரோட்ட அடச்சுக் கெடக்கு. … நீங்க போறப்ப இல்ல, அதானே சொல்றேன், நீங்க போன பொறகு விழுந்திருக்கு. ராத்திரி அடிச்ச மழைல மண்ணு எளகிக் கெடந்துச்சில்ல. … ஆமா, ஷகீலு, கொஞ்சம் வேகமா போயிருந்தா எம் மேலயே விழுந்திருக்கும். எல்லாரும் இனிமேல் என்னாட்ட ஓட்டுங்க.

சரி, சைக்கிளத் தூக்கி அக்கட்ட போடலாம்னு மரத்துகிட்ட போறேன். மரத்துக்கு அக்கட்ட, எமரால்டு பக்கமா, ஒரு பிக்கப் வண்டி. பின்னாடி பூரா கேரட் மூட்டை. ஒருத்தரு ஓடி வர்றாரு. அக்கா, அக்கான்னு கூப்பிட்டு வண்டியக் காட்டறாரு. ஜலீல்னு பேரு. கேரட்ட ஊட்டி மண்டிக்கு ஏத்திட்டுப் போறவரு. முன் சீட்டுல அவரு சம்சாரம். … ஆங், அதான் நபீசா. நாள் இன்னும் இருக்குன்னு சொல்லியிருந்தாங்களாம், விடியக்காலம் திடீர்னு வலி வந்துருச்சு. வேற வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம், நம்ம வண்டியிலயே ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னு வந்திருக்காங்க. வந்தா, மரம்.

அந்தப் பொண்ணு கதவப் புடிச்சுட்டு என்னயப் பாத்துச்சு பாரு… சுவாதி, நான் உடனே போன எடுத்துட்டேன். … டவர் இல்லடீ! ரெண்டு போனும் செத்துக் கெடக்கு. அவர அனுப்பலாம்னா, அந்தப் பொண்ணு அவரு கைய விட மாட்டேங்குது. நான்தான் போவணும். எங்க போவணும்? இத்தலாருக்கு. அங்க நர்ஸ் சிஸ்டர் இருக்காங்கன்னு ஜலீல் சொன்னாரு. இத்தலாருன்னா? நான் எறங்கி வந்த அத்தன இறக்கமும் திரும்ப ஏறணும்.

… ஆமா. அதே ஏத்தம். திரும்பி வரப்பல்லாம் தள்ளிட்டு வருவேன்ல, அதேதான். … எறங்கவே இல்ல! சத்தியமா எறங்கல. எந்திரிச்சு நின்னு மிதிச்சேன். மூச்சு வாங்கி, நெஞ்சு அடச்சு, வாயில ஏசப்பா ஏசப்பான்னு ஒரே பேரு. ஒரு வளைவுல காட்டுமாடு நின்னுட்டு இருந்துச்சுடீ. … பொய் சொல்லுவனா? மலையாட்ட நிக்குது. வேற நாளா இருந்தா சைக்கிளப் போட்டுட்டு ஓடியிருப்பேன். இன்னைக்கு, தள்ளிக்கோன்னு கத்துனேன். … தள்ளிக்கிச்சு! நெசமா! தேயிலைக்குள்ள எறங்கிப் போயிருச்சு. பயந்துதான் போயிருக்கும், என் மூஞ்சி அப்படி இருந்திருக்கும்.

… சிரிங்க, சிரிங்க. நல்லா சிரிங்க.

சிஸ்டர் பேரு மரகதம். வாசல்ல நின்னு பல்லு வெளக்கிட்டு இருந்தாங்க. நான் சொல்லி முடிக்கல, உள்ள போயி 108-க்குப் போன் பண்ணி, மரம் விழுந்திருக்குன்னு எடத்தச் சொல்லி, டெலிவரிப் பைய எடுத்துட்டு வந்துட்டாங்க. ஸ்கூட்டிய ஸ்டார்ட் பண்றாங்க. ஆகல. ஒதைக்கறாங்க, ஒதைக்கறாங்க, குளிர்ல அது முனகுது, அவ்வளவுதான். பக்கத்து ஊட்டுல பைக்கு இல்ல, எல்லாரும் ஊட்டிக்குப் போயாச்சு. அப்பத்தான் அந்தம்மா என் சைக்கிளப் பாத்தாங்க.

… ஆமாண்டீ! ஆமா! அதேதான்! "இத நான் எடுத்துக்கறேன் கண்ணு"ன்னாங்க. சேலைய இழுத்துச் சொருகுனாங்க, பைய முதுகுல மாட்டுனாங்க, ஏறி உக்காந்தாங்க, போயிட்டாங்க! … எனக்கும் அதே பயந்தான் சார். அந்த வளஞ்ச ஹேண்டில், அந்தக் குட்டிப் பெடலு, அதுல ரப்பர் செருப்போட! சிஸ்டர், பிரேக்கு கீழ இருக்குங்க, கீழ இருக்குங்கன்னு கத்திட்டே பின்னாடி ஓடறேன். "கண்டுபுடிச்சுட்டேன்!"னு வளைவுக்கு அக்கட்ட இருந்து சத்தம் வருது.

… நானா? ஓடித்தான் வந்தேன். வேற என்ன பண்ண? பெடல்ல மாட்டற அந்தக் கிளிப் ஷூவப் போட்டுட்டு ரோட்டுல ஓடுனா குதிரையாட்ட டக்கு டக்குங்குது, வழுக்குது. கழட்டிக் கையில புடிச்சுட்டு சாக்ஸோட ஓடுனேன். ஷகீலு, உன் கடைல வாங்குன சாக்ஸுதான். … கிழிஞ்சிருச்சு. … உள்ளங்காலும்தான். பரவால்ல, அப்ப ஒண்ணுந் தெரியல.

நான் போய்ச் சேரறேன், சிஸ்டர் மரத்தத் தாண்டி வண்டிகிட்ட நிக்கறாங்க. மூட்டையெல்லாம் ஒரு பக்கமா தள்ளி, தார்ப்பாய விரிச்சு, நபீசாவப் பின்னாடி படுக்க வெச்சாச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. "கண்ணு, ஏறி அவ தலமாட்டுல உக்காரு, கையப் புடிச்சுக்கோ"ங்கறாங்க. நானு! ஊசி போடறப்பவே கண்ண மூடிக்கற ஆளு நானு!

புடிச்சுக்கிட்டேன். … என் வெரல ஒடச்சிருச்சுன்னே நெனச்சேன். வலி வரப்ப அந்தப் பொண்ணு என் காதுல உம்மா, உம்மான்னு அவங்கம்மாவக் கூப்படுது, நான் திருப்பி, இருக்கேன் சாமி, இருக்கேன் சாமிங்கறேன். எங்கிருந்துடீ வந்துச்சு எனக்கு அந்த வார்த்த? எங்கூட்டுல நான் யாரயும் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. சுத்தியும் கேரட்டு வாசம், மண்ணு வாசம். ஜலீல் ரோட்டுல நின்னுட்டு அக்கட்டயும் இக்கட்டயும் நடக்கறாரு.

பொறந்துச்சு.

… இல்ல. … இல்ல, சுவாதி. அழல. பொறந்து அழவே இல்ல. சிஸ்டர் தொடைக்கறாங்க, முதுகத் தேய்க்கறாங்க. ஒரு சத்தமும் இல்ல. ஜலீல் நடக்கறத நிறுத்திட்டாரு. நபீசா என்னயப் பாக்குது. என்னன்னு கேக்குது. சிஸ்டர் புள்ளையோட உள்ளங்கால்ல சுண்டறாங்க. ஒண்ணு. இன்னொண்ணு.

அப்புறம் கத்துச்சு பாரு! … ஐயோ, என்னா கத்து! அந்தப் பள்ளத்தாக்கு பூரா கேட்டிருக்கும். உங்களுக்குக் கேக்கல? … நாங்க நாலு பேரும் அதோட சேந்து அழுவறோம். சிஸ்டருந்தான். அழுதுட்டே தொப்புள்கொடிக்குக் கிளிப்பு போடறாங்க.

குளிரு வேற. சுத்த என்ன இருக்குன்னு பாத்தா, ஒரு துப்பட்டா. அது மேல என் விண்ட்சீட்டர். … ஆமா, நீ பர்த்டேக்கு வாங்கிக் குடுத்த மஞ்சக் கலருதான். … கோவமா? … பின்ன! அதுக்குப் பொருத்தமான ஆளு இப்பத்தான் கெடச்சிருக்கு. ஜலீல் கைய நல்லாக் கழுவிட்டு வந்து, புள்ளைய வாங்கி, காதுகிட்ட குனிஞ்சு பாங்கு சொன்னாரு. பாதியில நின்னுருச்சு. நபீசா படுத்துட்டே அடுத்த வார்த்தைய எடுத்துக் குடுக்குது. நான் அப்படியே மூட்டை மேல உக்காந்துட்டேன் சுவாதி.

… இல்ல. இன்னும் முடியல. அதான் கூப்பிட்டேன்.

நபீசாவுக்கு ரத்தம் நிக்கல. … தெரியலடீ. ஊசி போட்டாங்க, வயித்த அமுக்கிட்டே இருந்தாங்க. சிஸ்டர் மூஞ்சியில சிரிப்பு போயிருச்சு. நல்லவேள, ஆம்புலன்ஸ் இத்தலார் பக்கமா வந்துருச்சு. மரத்து மேல ஸ்ட்ரெச்சரத் தூக்கித் தாண்ட வெச்சாங்க. புள்ள என் கையில. அப்பத்தான் நல்லாப் பாத்தேன். கண்ணத் தொறந்து என்னயப் பாத்துச்சு. அது எதயும் பாக்காதுன்னு நீ சொல்லுவ, ஆனாப் பாத்துச்சு. மரத்துக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் கைய நீட்டுனாங்க, குடுத்தேன். கதவச் சாத்துனாங்க. போயிட்டாங்க. போறப்ப ஜலீல் வண்டிச் சாவிய என் கையில குடுத்துட்டு, அவரு நம்பர என் போன்ல போட்டுட்டு, என் நம்பரயும் வாங்கிட்டு ஏறிட்டாரு.

அப்ப இருந்து நான் இங்க சிரிக்கறேன், அழுவறேன், சிரிக்கறேன். மரத்த அறுக்க வந்தவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க. … ஆமா, மிஷின் சத்தம் அதுதான்.

… ஏனுங்கண்ணா? … ஆமாங், சாவி என்கிட்டத்தான் இருக்குங்க! … ஓட்டத் தெரியாதுங்க! ஆளு வர்றாங்க! … ஆமாங்!

ஷகீலு, கேட்டியா? நீதான் அந்த ஆளு. கடைச் சரக்கு ஏத்தற வண்டிய நீதானே ஓட்டற. பிக்கப் உங்க பக்கந்தான் நிக்குது, நேரா வந்தா வண்டிதான். மரத்த நகத்துனதும் கேரட்ட ஊட்டி மண்டியில எறக்கிரணும். அவங்க பொழப்புடா அது. … வர்றியா? … தங்கம்டா நீ! … எல்லாரும் வர்றீங்களா? … சைக்கிளெல்லாம் மூட்டை மேல போட்டுக்கலாம். … எனக்கு ரெண்டு வடை கட்டிட்டு வாங்க. … சரி, நாலு.

இரு, இரு! இன்னொரு கால் வருது. … ஜலீல்டீ. … ஐயோ. … எடுக்கப் பயமா இருக்கு சுவாதி. … நீ வெச்சிராத. லைன்லயே இரு, என்ன?

ஹலோ… சொல்லுங்க தம்பி. … ம். … தம்பி, அழாதீங்க. … என்ன சொல்றீங்கன்னு வெளங்கல தம்பி, மெதுவா. … போன சிஸ்டர்கிட்ட குடுங்க. குடுங்க, தம்பி.

… சிஸ்டரா? … நான் கெஸியாங்க. … ம். … ம். … ஏத்துனாங்களா? … சரிங்க. … நின்னுருச்சா? … நல்லாப் பாத்துட்டாங்களா டாக்டரு? … சிஸ்டர், நெசமாத்தானுங்களா? … முழிச்சுட்டு… என்ன கேக்குது? … டீயா! … குடுக்கக் கூடாதுன்னு சொன்னதுக்கு டாக்டரயே திட்டுதா! … திட்டட்டும் சிஸ்டர்! நல்லாத் திட்டட்டும்! … பாப்பா? … சூடா இருக்கா. பால் குடிக்குதா. … சிஸ்டர், நீங்க நல்லா இருக்கணும்ங்க. … சைக்கிளா? சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலைங்க! … அடுத்த வாரமா? எங்க கூடயா? … வாங்க சிஸ்டர், வாங்க! … சரிங்க. … சரிங்க.

சுவாதி? … இருக்கியா? … இரு, மூக்கச் சிந்திக்கறேன், ஒரு நிமிஷம். …

நின்னுருச்சாம். … ரத்தம் ஏத்தியாச்சாம், நின்னுருச்சாம். கண்ணு முழிச்சு டீ கேக்குதாம்! … ஆமா. … ஆமா, ஆமா, ரெண்டு பேரும்! … நீ ஏன்டீ அழற? … ஜெஃப்ரி சாருமா? … சார், கண்ணாடியக் கழட்டித் தொடைங்க சார்.

இரு, இவங்களுக்குச் சொல்லணும். … ஏனுங்கண்ணா! … அண்ணா! அந்த மிஷினக் கொஞ்சம் நிறுத்துங்க! … நிறுத்துங்க! … தாயும் புள்ளையும் நல்லாருக்காங்களாம்ங்க! … ஆமாங்! ரெண்டு பேருந்தான்! … பொண்ணுங்க! பொண்ணு!

கேட்டுச்சா சுவாதி? விசிலடிக்கறாங்கடீ! ஒருத்தரு முண்டாச அவுத்து வீசறாரு. … ஐயோ, அந்தப் பெரியவரு மரத்து மேல ஏறி ஆடறாரு! அருவாளக் கீழ போட்டுட்டு! … இன்னும் ரெண்டு பேரு. … ரோட்டுலயே வட்டம் கட்டிட்டாங்க.

… என்னங்க? … நானா? … ஆடத் தெரியாதுங்க எனக்கு! காலெல்லாம் கொப்புளம்ங்க! … இல்லைங்க… சரிங்க. சரிங்க, வர்றேன். வர்றேனுங்க!

சுவாதி, வெக்கறேன். கூப்படறாங்க. … சாக்ஸ் கிழிஞ்சா என்ன, வெறுங்கால்ல ஆடறேன்! நீங்க சீக்கிரம் வந்து சே—